பழைய லாரிக்குப் புது வர்ணம் தேவையா?

ஜூஜுவாடி, தமிழ்நாட்டின் வடமேற்கு வாசல்.

பெங்களூரில் இருந்து ஓசூருக்கு வருகிறவர்கள் அத்திப்பள்ளியைத் தாண்டுகிறார்கள். எல்லையைக் கடந்ததும் அவர்களை வரவேற்கும் ஊர் ஜூஜுவாடி. ஒரு பக்கம் கர்நாடகம். மறு பக்கம் கிருஷ்ணகிரி மாவட்டம். தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மூன்று மொழிகளும் இங்கே காதில் விழும்.

ஊருக்கு நடுவே ஓடும் சாலை சாதாரணச் சாலை அல்ல. அது 44-ம் எண் தேசிய நெடுஞ்சாலை. காஷ்மீரத்தின் ஸ்ரீநகரில் தொடங்குகிறது. கன்னியாகுமரியில் முடிகிறது. இந்தியாவிலேயே மிக நீளமான நெடுஞ்சாலை இதுதான்.

இந்தச் சாலையில் லாரிகள் ஓய்வது இல்லை. கிருஷ்ணகிரி மாம்பழம் போகிறது. கருங்கல் போகிறது. ஓசூர் ரோஜா போகிறது. தொழிற்சாலைச் சாமான்கள் போகின்றன.

முன்பு இங்கே வரிச் சோதனைச் சாவடி இருந்தது. லாரிகள் வரிசையில் நிற்கும். 2017-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி ஜி.எஸ்.டி. வரி வந்தது. வணிக வரிச் சாவடிகள் மூடப்பட்டன. அந்த நீண்ட வரிசை மறைந்தது.

சாலை ஓரத்தில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். சில லாரிகள் கல்யாணப் பெண் மாதிரி மினுக்கிக் கொண்டு வரும். சில லாரிகள் வெளுத்து, உரிந்து, துருப் பிடித்து வரும். எது நல்ல லாரி?

மினுக்குகிற லாரிதான் நல்ல லாரி என்று சொல்லத் தோன்றும். அது தவறாகவும் இருக்கலாம்!

ஒரு குடும்பத்தின் கேள்வி

பத்து, பன்னிரண்டு வயதான லாரி ஒன்று. அதற்குச் சொந்தக்காரரே டிரைவர். அந்த ஒரு லாரியை நம்பித்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது. பிள்ளைகள் படிப்பதும் அந்த வருமானத்தில்தான்.

லாரியின் வர்ணம் மங்கி விட்டது. கதவின் அடியில் கொப்புளம் கிளம்பி இருக்கிறது. கண்ணாடி ஓரத்தில் பழுப்புக் கறை வடிகிறது. எப்.சி. எடுக்கும் நாளும் நெருங்குகிறது.

"அண்ணே, முழுசா அடிச்சிடலாம். புது வண்டி மாதிரி ஆயிடும்!" என்கிறார் பட்டறை பெயிண்டர்.

"நகையை அடகு வெச்சா வர்ணம் அடிக்கணும்? டயரு தேஞ்சு கிடக்கே!" என்கிறார் வீட்டுக்காரம்மா.

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. யார் பேச்சைக் கேட்பது?

இது அழகைப் பற்றிய கேள்வி மட்டும் அல்ல. பணத்தைப் பற்றிய கேள்வி. உயிரைப் பற்றிய கேள்வியும் கூட. ஓசூர், சங்ககிரி, நாமக்கல் என்று லாரித் தொழில் நடக்கும் ஊர்களில் பல வீடுகளில் எழும் கேள்வி இது.

வர்ணம் ஏன் மங்குகிறது?

வர்ணத்தில் முக்கியமாக இரண்டு பொருள்கள் உண்டு. ஒன்று, நிறம் கொடுக்கும் பொடி. மற்றொன்று, அந்தப் பொடியைப் பிடித்து வைத்துக் கொள்ளும் பசை.

வெயிலில் கண்ணுக்குத் தெரியாத கதிர் ஒன்று இருக்கிறது. அதற்குப் புற ஊதாக் கதிர் என்று பெயர். அந்தக் கதிர் பசையைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்து விடும். பசை போனதும் பொடி தனியாக நிற்கும்.

பழைய லாரியின் மீது கையைத் தேய்த்தால் விரலில் மாவு மாதிரி ஒட்டும். அது தூசி அல்ல. பசையை இழந்த வர்ணம்!

சிவப்பு வர்ணம் ரோஸ் நிறமாக வெளுப்பது உண்டு. கேபினின் கூரையும் முகப்பும்தான் முதலில் மங்கும். அங்கேதான் வெயில் நேராக அடிக்கிறது.

ஏற்றும் சரக்கும் ஒரு காரணம். கருங்கல் ஏற்றினால் தொட்டியில் கீறல் விழும். உப்பு, உரம் ஆகியவற்றை ஏற்றினால் அதன் துகள் இடுக்குகளில் தங்கும். ஈரம் பட்டதும் அது இரும்பைத் தின்னத் தொடங்கும்.

துரு என்னும் திருடன்

வர்ணம் மங்குவது வேறு. துருப் பிடிப்பது வேறு. இந்த வித்தியாசத்தைத் தெரிந்து கொண்டால் பாதிக் கேள்விக்குப் பதில் கிடைத்து விடும்.

இரும்பு, தண்ணீர், காற்று மூன்றும் சேர்ந்தால் துரு உண்டாகும். இவற்றில் ஒன்றை விலக்கினாலும் துரு வராது. வர்ணத்தின் முதல் வேலை இதுதான். அது இரும்புக்குப் போட்ட சட்டை. மழையையும் காற்றையும் தடுக்கிறது.

சட்டையில் சிறிய ஓட்டை விழுந்தால் போதும். அதன் வழியாக ஈரம் இறங்கும். உள்ளே துரு கிளம்பும்.

துரு ஒரு விசித்திரமான பொருள். அது உண்டான இரும்பை விட அதிக இடம் பிடிக்கும். ஆகவே வர்ணத்தை அடியில் இருந்து மேலே தள்ளும். அதுதான் கொப்புளம். வெளியே ஒரு காசு அளவு கொப்புளம் தெரிந்தால், உள்ளே உள்ளங்கை அளவுக்குத் துரு பரவி இருக்கலாம்.

பாரீஸ் நகரத்தில் ஈபிள் கோபுரம் இருக்கிறது. 1889-ம் ஆண்டு கட்டி முடித்தார்கள். முழுவதும் இரும்பு. சுமார் 7 ஆண்டுக்கு ஒரு முறை அதற்கு வர்ணம் பூசுகிறார்கள். ஒரு தடவைக்குச் சுமார் 60 டன் வர்ணம் ஆகிறது!

அழகுக்காக மட்டுமா இத்தனை செலவு? அல்ல. வர்ணம் பூசாமல் விட்டால் கோபுரம் துருவுக்கு இரையாகி விடும். பழைய வர்ணத்தைச் சுரண்டி, துருவை எடுத்து, பிறகுதான் புதிதாகப் பூசுகிறார்கள். உலகம் போற்றும் கோபுரத்துக்கு எந்த விதியோ, ஜூஜுவாடி லாரிக்கும் அதே விதிதான்.

தொழிற்சாலை வர்ணம்

ஓசூர் லாரி பிறக்கும் ஊர். 1948-ம் ஆண்டு சென்னையில் அசோக் மோட்டார்ஸ் கம்பெனி தொடங்கியது. 1955-ல் அது அசோக் லேலண்ட் ஆயிற்று. 1980-ல் ஓசூரிலும் தொழிற்சாலை வந்தது.

இந்தக் காலத்து மோட்டார் தொழிற்சாலைகளில் கேபினுக்கு எப்படி வர்ணம் பூசுகிறார்கள் தெரியுமா?

முதலில் எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவுகிறார்கள். பிறகு பாஸ்பேட் கரைசலில் நனைக்கிறார்கள். வர்ணம் நன்றாகப் பிடிப்பதற்காக இப்படிச் செய்கிறார்கள். அடுத்து, கேபினை அப்படியே பிரைமர் தொட்டியில் முக்குகிறார்கள். மின்சாரத்தைச் செலுத்துகிறார்கள். கை போகாத இடுக்கில் கூட பிரைமர் போய் ஒட்டிக் கொள்கிறது. பிறகு பெரிய அடுப்பில் வைத்துச் சுடுகிறார்கள். சுமார் 160 முதல் 180 டிகிரி வரை சூடு!

சாலை ஓரப் பட்டறையில் இதைச் செய்ய முடியுமா? முடியாது. லாரியில் ரப்பர் இருக்கிறது, ஒயர் இருக்கிறது. அத்தனை சூட்டில் அவை கெட்டு விடும்.

ஆகவே ஓர் உண்மையை மறக்கக் கூடாது. கெட்டியாக ஒட்டி இருக்கும் தொழிற்சாலை வர்ணம் ஒரு சொத்து. அது மங்கி இருந்தாலும் சொத்துதான். "எல்லாவற்றையும் சுரண்டி விடுங்கள்" என்று அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள்!

நீங்களே சோதிக்கலாம்

பட்டறைக்குப் போவதற்கு முன்பு வீட்டு வாசலிலேயே ஐந்து சோதனைகள் செய்து பார்க்கலாம். காசு செலவு இல்லை.

ஒன்று, தண்ணீர்ச் சோதனை. லாரியை நன்றாகக் கழுவுங்கள். மங்கிய இடத்தை ஈரத் துணியால் துடைத்துப் பாருங்கள். ஈரம் இருக்கும்போது பழைய நிறம் தெரிந்தால் மேல் பரப்பு மட்டும் கெட்டிருக்கிறது என்று அர்த்தம். பாலிஷ் போட்டால் ஓரளவு நிறம் திரும்பும்.

இரண்டு, டேப் சோதனை. வர்ணத்தின் மீது பிளேடால் சின்னக் கட்டங்கள் கீறுங்கள். நன்றாக ஒட்டும் டேப்பை அழுத்தி ஒட்டுங்கள். வெடுக்கென்று இழுங்கள். வர்ணம் டேப்போடு வந்து விட்டால் பிடிப்புப் போய் விட்டது. அதன் மேல் எத்தனை விலை உயர்ந்த வர்ணம் பூசினாலும் அடியோடு உரியும்.

மூன்று, தட்டும் சோதனை. கொப்புளம் உள்ள இடத்தை ஸ்குரூ டிரைவர் பிடியால் தட்டுங்கள். முனையால் மெதுவாகக் குத்துங்கள். 'டங்' என்று கெட்டியாகச் சத்தம் வந்தால் நல்லது. பொத்தென்று உள்ளே போனால் அங்கே தகடு இல்லை. துருதான் இருக்கிறது!

நான்கு, காந்தச் சோதனை. சின்னக் காந்தத்தைத் தகட்டின் மீது வையுங்கள். ஒட்டாமல் விழுந்தால் அங்கே கனமாகப் பட்டி பார்த்திருக்கிறார்கள். பழைய லாரி வாங்குகிறவர்களுக்கு இது ரொம்ப உதவும். பிளாஸ்டிக், பைபர் பாகங்களில் காந்தம் ஒட்டாது. ஆகவே இரும்புத் தகட்டில் மட்டும் பாருங்கள்.

ஐந்து, இடுக்குச் சோதனை. கதவின் அடி, கண்ணாடி ரப்பரின் ஓரம், மிதிப் படி, மட்கார்டின் உள்பக்கம், மிதியடிக்குக் கீழே உள்ள தரை ஆகிய இடங்களை டார்ச் அடித்துப் பாருங்கள். தண்ணீர் தங்கும் இடங்கள் இவை. துரு முதலில் குடியேறுவதும் இங்கேதான்.

கடைசியாக லாரிக்கு அடியில் பாருங்கள். சேஸ் என்பது லாரியின் முதுகெலும்பு. அதில் லேசாகத் துரு படிந்திருந்தால் சுரண்டிப் பூசலாம். செதில் செதிலாகப் பெயர்ந்தாலோ, விரிசல் தெரிந்தாலோ அது பெயிண்டர் வேலை அல்ல. அனுபவம் உள்ள மெக்கானிக்கிடம் உடனே காட்ட வேண்டும்.

மூன்று வழிகள்

சோதனை முடிந்தது. இனி எந்த வழி?

மங்கல் மட்டும்தான், துரு இல்லை என்றால் முழு வர்ணம் தேவை இல்லை. கழுவி, பாலிஷ் போட்டு, மெழுகு பூசுங்கள். விரலில் மாவு ஒட்டும் வர்ணம் மறுபடியும் மங்கும். ஆனால் அவசரம் இல்லை. பணம் சேரும் வரை தள்ளிப் போடலாம்.

அங்கங்கே துரு, மற்ற இடத்தில் வர்ணம் கெட்டி என்றால் துருப் பிடித்த இடத்தை மட்டும் சரி செய்யுங்கள். சுரண்டி, பிரைமர் அடித்து, அதே நிறத்தைப் பூசினால் போதும். புது நிறம் பழைய நிறத்தோடு கச்சிதமாகச் சேராது. ஒட்டுப் போட்ட சட்டை மாதிரி தெரியும். தெரிந்தால் என்ன? லாரி சரக்கு ஏற்றுவதற்குத்தானே! இந்த வேலையை மட்டும் தள்ளிப் போடக் கூடாது. துரு காத்திருக்காது.

எங்கும் உரிகிறது, டேப்போடு வருகிறது, துருவும் பல இடத்தில் இருக்கிறது என்றால் முழு வர்ணம் அடிக்கத்தான் வேண்டும். அதற்கு முன்பு இன்னொரு கேள்வி கேளுங்கள். இந்த லாரி இன்னும் எத்தனை ஆண்டு ஓடும்?

என்ஜின் நன்றாக இருக்கிறது, சேஸ் கெட்டி, நான்கு ஐந்து ஆண்டு வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால் தாராளமாக அடியுங்கள். அடுத்த ஆண்டு தள்ளி விடப் போகிறீர்கள் என்றால் யோசியுங்கள்.

பட்டறையில் கவனியுங்கள்

நல்ல வர்ணத்தின் ரகசியம் வர்ண டப்பாவில் இல்லை. அதற்கு முன்பு செய்யும் வேலையில் இருக்கிறது.

முதலில் டிங்கரிங். ஒடுங்கிய தகட்டைத் தட்டி நேராக்க வேண்டும். ஓட்டை விழுந்த தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்ற வைக்க வேண்டும். ஓட்டையில் பட்டியை அடைத்து மூடுவது வேலை அல்ல. வெறும் ஏமாற்று! ஒரு மழைக் காலத்தில் வெளுத்து விடும்.

அடுத்து, துருவைச் சுத்தமாகச் சுரண்ட வேண்டும். பளபளப்பான இரும்பு தெரிய வேண்டும். அன்றைக்கே பிரைமர் அடித்து விட வேண்டும். சுரண்டிய இரும்பை ராத்திரி பூராவும் பனியில் விட்டால் காலையில் புதுத் துரு நிற்கும். ஓசூரில் பனி அதிகம். இதில் கவனம் தேவை.

பிறகு பட்டி பார்ப்பார்கள். தண்ணீர் விட்டு வாட்டர் பேப்பர் போடுவார்கள். தண்ணீர் நன்றாகக் காய்ந்த பிறகுதான் மேல் வர்ணம் அடிக்க வேண்டும். ஈரத்தை உள்ளே வைத்துப் பூசினால் சில மாதத்தில் கொப்புளம் கிளம்பும்.

மேல் வர்ணத்தில் பல வகை உண்டு. எனாமல் மலிவு. சீக்கிரம் மங்கும். 'பி.யு.' என்று சொல்லும் வர்ணம் விலை அதிகம். வெயிலைத் தாங்கும். பளபளப்பும் நீடிக்கும்.

பழைய பெயிண்டர்கள் 'டூகோ' என்று ஒரு பெயர் சொல்வார்கள். அதற்கு ஒரு கதை உண்டு. அமெரிக்காவில் போர்டு கம்பெனி 1914 முதல் 1925 வரை தன் 'மாடல் டி' காருக்குக் கறுப்பு வர்ணம் மட்டுமே பூசியது. வேறு நிறம் கிடையாது. அந்தக் காலத்தில் நல்ல வர்ணம் காய்வதற்கே பல நாள் ஆகும். 1920-களில் டூபான்ட் கம்பெனி சீக்கிரம் காயும் வர்ணத்தைக் கண்டுபிடித்தது. அதற்கு வைத்த பெயர்தான் டூகோ. பல நிறக் கார்கள் மலிவாக வருவதற்கு அது வழி வகுத்தது.

அந்த வகை வர்ணத்துக்கு ஈரக் காற்று ஆகாது. மழை நாளில் அடித்தால் வெள்ளைப் புகை படிந்த மாதிரி ஆகி விடும். எந்த வர்ணமானாலும் சரி, மழை விட்டு நல்ல வெயில் அடிக்கும் நாளைத் தேர்ந்தெடுங்கள்.

இன்னொன்று. பிரேக் ஹோஸ் குழாய் மீது வர்ணம் படக் கூடாது. குழாயில் விரிசல் விட்டால் வர்ணம் அதை மறைத்து விடும். ஸ்பிரே அடிப்பதற்கு முன்பு குழாயைக் காகிதம் சுற்றி மூடச் சொல்லுங்கள்.

குழந்தைகளைத் தள்ளி வையுங்கள்

பழைய வர்ணத்தைச் சுரண்டும்போது தூசி பறக்கும். அந்தத் தூசி வெறும் தூசி அல்ல.

மஞ்சள், சிவப்பு போன்ற சில வர்ணங்களில் ஈயம் கலந்திருப்பது உண்டு. ஈயம் விஷம். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். வீட்டு வர்ணத்தில் ஈயத்தைக் கட்டுப்படுத்த மத்திய அரசு 2016-ல் விதி கொண்டு வந்தது. 2017 நவம்பரில் அது அமலுக்கு வந்தது. ஆனால் அந்த விதி வீடுகளுக்கும் அலங்காரத்துக்கும் பூசும் வர்ணத்துக்குத்தான். தொழிற்சாலை வர்ணங்கள் அதில் அடங்கவில்லை.

ஆகவே வீட்டு வாசலில் லாரியைச் சுரண்டாதீர்கள். உலர்ந்த உப்புத்தாளால் தேய்ப்பதை விடத் தண்ணீர் விட்டுத் தேய்ப்பது நல்லது. தூசி பறக்காது. வேலை செய்தவர்கள் குளித்து, உடை மாற்றிய பிறகே பிள்ளைகளைத் தூக்க வேண்டும்.

பி.யு. வர்ணத்தில் வேறு ஒரு ஆபத்து. அதோடு கலக்கும் கெட்டிப்படுத்தும் மருந்தின் ஆவி நுரையீரலைத் தாக்கும். ஆஸ்துமாவை உண்டாக்கும். மூக்கில் கைக்குட்டை கட்டினால் போதாது. சுத்தமான காற்று குழாய் வழியாக வரும் முகமூடி வேண்டும். பெயிண்டருக்கும் குடும்பம் உண்டு. வேலை கொடுக்கிறவர் இதைக் கேட்டுக் கொள்வது நல்லது.

சட்டம் என்ன சொல்கிறது?

லாரிக்கு எந்த நிறம் வேண்டுமானாலும் பூசலாமா? கூடாது!

ராணுவ வண்டிக்குரிய ஆலிவ் பச்சை நிறத்தை மற்றவர்கள் பூசக் கூடாது. மத்திய மோட்டார் வாகன விதி அதைத் தடுக்கிறது.

லாரியின் நிறம் ஆர்.சி.யில் பதிவாகி இருக்கிறது. அதே நிறத்தை மறுபடியும் பூசினால் தொந்தரவு இல்லை. வேறு நிறம் பூச நினைத்தால் முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு, ஆர்.சி.யிலும் மாற்றிக் கொள்ளுங்கள். ஆர்.சி.யில் ஒரு நிறம், லாரியில் வேறு நிறம் என்றால் வழியில் பதில் சொல்ல வேண்டி வரும்.

முன்பு நேஷனல் பெர்மிட் லாரிக்குத் தனி நிறம் உண்டு. காய்ந்த இலையின் பழுப்பு நிறம். அதில் 30 சென்டிமீட்டர் அகலத்துக்கு வெள்ளைக் கரை. 2018 நவம்பரில் மத்திய அரசு அந்த விதியை மாற்றியது. இப்போது முன்னும் பின்னும் 'நேஷனல் பெர்மிட்' என்றோ, அதன் சுருக்கத்தையோ பெரிய எழுத்தில் எழுத வேண்டும். புது வர்ணம் அடித்ததும் பிள்ளைகள் பெயரை எழுதுவதற்கு முன்பு இதை எழுதச் சொல்லுங்கள்!

சேஸ் நம்பர் செதுக்கிய இடத்தில் பட்டி பார்க்கக் கூடாது. சுரண்டி அழிக்கவும் கூடாது. எப்.சி.யின்போது அந்த நம்பரைச் சரி பார்ப்பார்கள்.

லாரிக்கு 8 வயது ஆகும் வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை எப்.சி. அதற்குப் பிறகு ஆண்டுக்கு ஒரு முறை. 15 வயது தாண்டிய வாகனங்களுக்கு எப்.சி. கட்டணம் 2022 ஏப்ரலில் பல மடங்கு உயர்ந்தது. லாரிக்கு 15 வயது நெருங்குகிறது என்றால் வர்ணச் செலவைப் பற்றி முடிவு செய்வதற்கு முன்பு இந்தக் கட்டணத்தையும் விசாரித்துக் கொள்ளுங்கள்.

ஒளிரும் பட்டை

வர்ணத்தை விட மலிவான பொருள் ஒன்று உண்டு. வர்ணத்தை விட அதிகமாக உயிர் காப்பது அது. வெளிச்சம் பட்டால் ஒளிரும் பட்டை!

லாரியின் முன்பக்கம் வெள்ளைப் பட்டை. பின்பக்கம் சிவப்பு. பக்கவாட்டில் மஞ்சள். ராத்திரியில் பின்னால் வரும் வண்டியின் விளக்கு பட்டதும் அது பளிச்சிடும். "இங்கே ஒரு லாரி நிற்கிறது" என்று தூரத்திலேயே சொல்லி விடும்.

பழுதாகி இருட்டில் நிற்கும் லாரி மீது வேறு வண்டி மோதும் விபத்துகள் நெடுஞ்சாலைகளில் நடக்கின்றன. மோதுகிறவருக்கு லாரி எந்த நிறம் என்பது தெரியப் போவது இல்லை. பட்டை இருந்தால்தான் தெரியும்.

வர்ணம் அடிக்கும்போது பழைய பட்டையைக் கிழித்து எடுப்பார்கள். சில சமயம் அதன் மேலேயே வர்ணம் அடித்து விடுவார்கள். லாரி பளபளக்கும். ராத்திரியில் கண்ணுக்கே தெரியாது! ஆகவே புதுப் பட்டை ஒட்டாமல் லாரியைப் பட்டறையில் இருந்து வெளியே எடுக்காதீர்கள்.

கணக்குப் போடுங்கள்

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். விலை ஊருக்கு ஊர், லாரிக்கு லாரி மாறும். ஆகவே இது வெறும் உதாரணம்தான்.

முழு வர்ணத்துக்கு 60 ஆயிரம் ரூபாய் கேட்கிறார்கள் என்று வைத்துக் கொள்ளுங்கள். லாரி 10 நாள் பட்டறையில் நிற்கும். ஓடினால் நாள் ஒன்றுக்கு 2 ஆயிரம் மிஞ்சும் என்றால், நின்றதால் போனது 20 ஆயிரம். ஆக மொத்தம் 80 ஆயிரம். பட்டறைக்காரர் சொல்லும் தொகையில் இந்த 20 ஆயிரம் இருக்காது. அதைச் சொந்தக்காரர்தான் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

லாரியை 4 ஆண்டு ஓட்டினால் ஆண்டுக்கு 20 ஆயிரம் செலவு. ஓராண்டில் விற்றால் 80 ஆயிரமும் அந்த ஓராண்டின் தலையில் விழும். விற்கும்போது விலை 80 ஆயிரம் கூடுமா? பழைய லாரியை வாங்க வருகிறவர் என்ஜினையும், டயரையும், சேஸையும் பார்ப்பார். புது வர்ணத்தைப் பார்த்ததும் "எதை மறைத்திருக்கிறார்கள்?" என்று சந்தேகப்படவும் செய்வார்.

மற்றொரு பக்கமும் கணக்கு உண்டு. துருப் பிடித்த இடத்தை இன்றைக்குச் சரி செய்தால் சில நாள் வேலை. விட்டு விட்டால் கதவே போகும். பிறகு கேபின் தரை போகும். கேபினையே மாற்ற வேண்டி வந்தால் செலவு பல மடங்கு.

ஆகவே செலவழிப்பதில் ஒரு வரிசை வேண்டும். முதலில் பிரேக். அடுத்து டயர். அடுத்து விளக்கும் ஒளிரும் பட்டையும். பிறகு துரு. கடைசியில்தான் பளபளப்பு.

டயரைக் கேட்ட வீட்டுக்காரம்மா சொன்னது சரி. கொப்புளத்தைப் பார்த்து எச்சரித்த பெயிண்டரும் சரி. தேய்ந்த டயரை முதலில் மாற்றுங்கள். மிச்சம் இருக்கும் பணத்தில் துருப் பிடித்த கதவைச் சரி செய்யுங்கள். முழு வர்ணம் அடுத்த ஆண்டுக்குக் காத்திருக்கட்டும். நகை வீட்டிலேயே இருக்கட்டும்!

அழகு வேண்டாமா?

வேண்டும். யார் வேண்டாம் என்றது?

டிரைவர் மாதக் கணக்கில் வீட்டை விட்டு வெளியே இருக்கிறார். அந்தக் கேபின்தான் அவருக்கு வீடு. முகப்பில் குலதெய்வத்தின் பெயரை எழுதுகிறார். பின்னால் பிள்ளைகளின் பெயரை எழுதுகிறார். ஆயுத பூஜை அன்று சந்தனமும் குங்குமமும் வைத்து மாலை போடுகிறார். லாரி அழகாக இருந்தால் அவருக்குப் பெருமை. சரக்குக் கொடுக்கிறவருக்கும் நம்பிக்கை வரும்.

கேபின் கூரைக்கு வெள்ளை போன்ற வெளிர் நிறம் பூசினால் இன்னொரு லாபம். வெளிர் நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பும். கறுப்பு நிறம் வெயிலை இழுத்துக் கொள்ளும். பகலில் கேபினில் படுத்துத் தூங்குகிறவருக்கு இந்த வித்தியாசம் தெரியும். கூரை நிறத்தை மாற்றுவதாக இருந்தாலும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக் கொள்வது நல்லது.

அழகு தவறு அல்ல. அழகைக் காட்டி ஆபத்தை மறைப்பதுதான் தவறு.

எப்.சி. நாளுக்காக அவசர அவசரமாகத் துருவின் மேல் வர்ணம் அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அதிகாரியின் கண்ணை ஒரு நாள் ஏமாற்றி விடலாம். 44-ம் எண் சாலையை ஏமாற்ற முடியாது. கிருஷ்ணகிரி மலைச் சரிவில் பாரத்தோடு இறங்கும்போது அந்த லாரியைத் தாங்குவது வர்ணம் அல்ல. வர்ணத்துக்கு அடியில் இருக்கும் இரும்பு!

லாரி வைத்திருக்கும் அன்பர்களே, நாளைக்குக் காலையில் லாரியைக் கழுவுங்கள். ஒரு காந்தம், ஒரு டேப், ஒரு ஸ்குரூ டிரைவர், ஒரு டார்ச் எடுத்துக் கொள்ளுங்கள். சுற்றி வந்து பாருங்கள். மங்கல் என்றால் பொறுங்கள். துரு என்றால் பொறுக்காதீர்கள்!